வரப்பில் களைக்கொல்லி அடித்த நெல்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பக்கத்து வயல்காரர் வரப்பில் களைக்கொல்லி அடித்தார், ஒரே வாரத்தில் புல்லெல்லாம் வைக்கோல் மாதிரி கருகிக் கிடக்கிறது, அந்த நெல்லைத்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம். பயப்படணுமா?

பதில்: அது கிளைபோசேட்டாக இருக்கும் அண்ணா. பட்டால் நெல்லும் காய்ந்துவிடும், அதனால் பயிர் மேல் அடிக்க மாட்டார்கள். கனடாவில் சில பண்ணைகளில் கோதுமை அறுப்புக்கு முன்னால் பயிரிலேயே அடிப்பார்கள், தானியத்தில் மருந்தின் எச்சம் தங்குவது அப்படித்தான்.

இன்னொருவர்: சரி, அதற்காக அப்படியே விட்டுவிடுவதா? 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றது, 2019இல் கேரளம் தடையே போட்டது. எனக்கென்னவோ சோற்றைவிட, மூக்கில் துணிகூடக் கட்டாமல் அடிக்கிறவரை நினைத்தால்தான் பயம்.

கேட்டவர்: ஆமாம் அக்கா, அவர் வெறுங்காலோடுதான் அடித்தார். டப்பாவில் என்ன பெயர் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.