ஒரே அறையில் மூன்று வகுப்புகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப்பள்ளி. 1 முதல் 3 வரை என் பொறுப்பு, மொத்தம் 19 பிள்ளைகள். 2022-ல் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்ததிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (மேல் நிலை) என்று கற்றல் நிலை பார்த்துத்தான் உட்கார வைக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் அரும்பில் இருக்கிறான். சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுகிறான், அது தனிக் கதை.

இப்போதைய சிக்கல் கணக்குப் பாடவேளை. மலர் குழுவுக்குக் கடன் வாங்கிக் கழித்தலைக் குச்சிக்கட்டுகளை அவிழ்த்துக் காட்டி நடத்த 20 நிமிடமாவது வேண்டும். அதற்குள் அரும்புக் குழு புளியங்கொட்டைகளை எண்ணி முடித்துவிட்டு, அப்புறம் அதையே எறிந்து விளையாட ஆரம்பித்துவிடுகிறது! படம் வண்ணமிடக் கொடுத்தால் அமைதி கிடைக்கிறது, ஆனால் கற்றல் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை.

நான் பக்கத்தில் இல்லாமலே அவர்கள் 15 நிமிடம் செய்யக்கூடிய, சரியா தவறா என்று தாங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய எண் விளையாட்டுகள் இருந்தால் சொல்லுங்கள். எண்ணட்டைகள், தாயக்கட்டை, சோழி கைவசம் உண்டு. மொட்டுப் பிள்ளையை அரும்புக்குத் துணையாக உட்கார வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நான் வைத்தபோது விடையை அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.