பழைய ஆம்னி வேனின் ஸ்டீயரிங் உதறல்: காரணம் ஹப்பில் இருந்தது

எங்கள் வீட்டுப் பழைய ஆம்னி வேன் 60 கிலோமீட்டர் வேகம் வரை ஒழுங்காக ஓடும். 65-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கி, 75-ஐத் தாண்டினால் சற்று அடங்கும். இப்படிக் குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி அடங்கும் அதிர்வு பெரும்பாலும் சுழலும் பாகத்திலிருந்துதான் வரும். சஸ்பென்ஷனில் தேய்ந்த ரப்பர் புஷ்ஷும், சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் பால் ஜாயின்ட்டும் அதைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, தாமாக உண்டாக்குவது அரிது. அதனால், பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கத்துக்கு நான் உடன்படுவதில்லை.

இந்த வண்டியில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், முதலில் அதை விலக்க வேண்டும். ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே சாலை வெறிச்சோடியிருந்த நேரத்தில், 70-இல் ஓடும்போது கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விட்டேன். எஞ்சின் சத்தம் தணிந்தும் உதறல் அப்படியே நின்றது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் மீதிருந்த சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. நடுக்கம் இருக்கையில் தெரியாமல் ஸ்டீயரிங்கில் மட்டும் தெரிந்ததால், எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்ட்டின் கிராஸ் (மடங்கும் இணைப்பு) மீதும் பழி போட முடியவில்லை. பிரேக் மிதித்தபோது அதிர்வு கூடவில்லை, ஆகவே பிரேக் டிஸ்க்கும் காரணமாகத் தோன்றவில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கையில் சக்கரத்துக்கு ஒரு தட்டு மட்டுமே கேட்டது. புஷ் தளர்ந்திருந்தால் அதைத் தொடர்ந்து இன்னொரு 'டொக்' கேட்கும்.

பின்னர் இரு முன்சக்கரங்களையும் பேலன்சிங் (சுற்றிலும் எடையைச் சமப்படுத்துவது) செய்தோம். இயந்திரம் பூஜ்யம் காட்டியும் உதறல் குறையவில்லை. முன்சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றினோம். சக்கரத்தில் குறை இருந்தால் நடுக்கம் இருக்கைக்கு இடம் மாறியிருக்க வேண்டும், ஆனால் அது ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை.

கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பற்றிப் பேசாமல் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். "சக்கரம் சுத்துறது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும் தம்பி. வண்டியில அது எப்படி உக்காந்திருக்குன்னு நாமதான் பாக்கணும்" என்றார். சக்கரம் வந்து பொருந்தும் ஹப்பின் முகத்தை விரலால் தடவியவர், ஸ்க்ரூ டிரைவரால் ஓர் ஓரத்தை நெம்பினார். உடைந்த அப்பளம் போல ஒரு துரு ஏடு பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் பளபளப்பான இரும்பு சிறு திட்டாகவும், சுற்றிலும் கருஞ்சிவப்பாக உப்பிய துரு மேடாகவும் தெரிந்தன. "இது எவ்வளவு கனம் இருக்கும் காக்கா?" என்று கேட்டேன் (கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்). அரை மில்லிமீட்டர் இருக்கும் என்றார்.

அரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஹப் முகத்தைவிட டயரின் விட்டம் சுமார் நான்கு மடங்கு என்பதால், ஹப்பில் ஒருபுறம் தூக்கும் அந்த அளவு டயரின் விளிம்பில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கோணலாகிவிடுகிறது. இந்த 12 அங்குலச் சக்கரம் 70 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 முறைக்கு மேல் சுழலும்போது, அந்தக் கோணல் முழுவதும் கையில்தான் வந்து தெரியும். பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் இந்த ஹப்பில் அல்லாமல் இயந்திரத்தின் துரு இல்லாத தண்டில் பொருந்துவதால், அங்கே இது வெளிப்பட வழியே இல்லை.

கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப்பையும் ரிம்மின் உள்முகத்தையும் இரும்பு தெரியத் தேய்த்தார். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினார். உள்ரிம்மில் காய்ந்து ஒட்டியிருந்த மணற்கட்டியையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பேலன்சிங் பார்க்கச் சொன்னார், ஏனெனில் அந்தக் கட்டியின் எடைக்கும் சேர்த்துத்தான் முன்பு சமன் செய்ய ஈயத்துண்டு வைத்திருந்தார்கள். திரும்பும் வழியில் 70-இல் ஸ்டீயரிங் அமைதியாக நின்றது.

பட்டறையில் சக்கரம் கழன்றிருக்கும்போதே பார்க்க வேண்டிய மற்றவற்றையும் பார்த்திருந்தோம். பிறகு சக்கரத்தை மாட்டி, வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே அதை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். அதில் ஆட்டம் இருந்து, இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடிக்கோ ஏர்வாடிக் கடற்கரைக்கோ அடிக்கடி போகும் வண்டி என்றால், திரும்பியதும் ரிம்மின் உட்புறத்தை உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சக்கரம் கழற்றும்போதெல்லாம் ஹப்பைத் தேய்க்கச் சொல்லுங்கள். மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் மிச்சத் துரு நசுங்கினால் அவை தளரக்கூடும்.