கத்தி முனை நீலமாகிவிட்டது, காப்பாற்ற முடியுமா?

வணக்கம். நோர்வேயில் ஹாமர் பக்கம் இருக்கிறேன். எல்க் மான் வேட்டை செப்டம்பர் 25 தொடங்குகிறது. எங்கள் குழுவில் தோலுரிப்பது என் வேலை.

கத்தி கார்பன் ஸ்டீல். அலகு 10 செ.மீ., தடிப்பு 3 மி.மீ., பேர்ச் மரப்பிடி. 2019இல் வாங்கியது. ஒரு முழு மானை உரித்து முடிக்கும்வரை கூர் நிற்கும். மயிரை அறுத்தால் கூர் சீக்கிரம் போய்விடும், அதனால் அலகைத் தோலுக்கு அடியில் விட்டு உள்ளிருந்து வெளியே பார்த்துத்தான் கீறுவேன். அவ்வளவு கவனமாக வைத்திருந்த கத்தி இது.

போன பருவத்தில் இடுப்பெலும்பில் பட்டு முனைப் பக்கம் சின்னதாக உடைந்தது. மூன்று வாரம் முன்பு அதைத் தேய்த்தெடுக்க, தண்ணீர் விடாமல் மின்சாணையில் பிடித்துவிட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் சூடேறி முனையிலிருந்து 2 செ.மீ. நீலமாகிவிட்டது; அந்த இடத்தில் இரும்பின் கெட்டி போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 1000, 6000 கிரிட் (எண் கூடக்கூட நைசான) கற்களில் தீட்டினேன். தோல்வாரில் இழுத்தேன். கோணத்தையும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். தீட்டியதும் தாளை அழகாக அறுக்கிறது. ஆனால் ஆட்டுத் தோலில் பத்துக் கீறலுக்குள் நீலப் பகுதி மட்டும் மடிகிறது. நகத்தை விளிம்பில் ஓட்டினால் ஒரு பக்கம் தடக்குகிறது, விளக்கடியில் வெள்ளைக் கோடாக மின்னுகிறது. மீதி 8 செ.மீ. பழையபடி நன்றாகவே இருக்கிறது.

நீலம் தெரியும் இடத்தை மட்டும் ஈரக்கல்லில் தேய்த்தெடுத்தால் அடியில் கெட்டியான இரும்பு கிடைக்குமா, இல்லை அலகு முழுவதையும் மறுபடி காய்ச்சித் துவைச்சல் கொடுத்து, அதாவது சூட்டோடு முக்கிக் குளிரவைத்து, கெட்டியாக்கத்தான் வேண்டுமா?