ஓடாத பொம்மை: பிரிப்பதற்கு முன்னும் பின்னும் – அனுபவப் பகிர்வு

ஈயக்கம்பி:

பேட்டரி பொம்மை ஓடவில்லை என்றதும் எல்லோர் கையும் முதலில் ஸ்க்ரூடிரைவருக்குத்தான் போகும். போகக் கூடாது. கோளாறு பெரும்பாலும் பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில்தான் இருக்கும். மோட்டாரும் போர்டும் அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதனால் கரண்ட் போகும் வழியிலேயே மீட்டரும் போகட்டும்.

மூன்று டபுள் ஏ செல் போடும் பொம்மை என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கடைசி மைனஸ் ஸ்பிரிங்கில் பிடிக்கவும். சிவப்பு முனை ஒவ்வொரு செல்லாகத் தாவும்போது 1.5, 3, 4.5 என்று ஏற வேண்டும். இங்கேயே பலர் நிறுத்திவிட்டு "4.5 வருது, போர்டு போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். அதில்தான் தப்பு. சுவிட்சை ஆன் செய்துவிட்டு மறுபடி பார்க்கவும். லோடு ஏறியதும், அதாவது பொம்மை கரண்டை இழுக்கத் தொடங்கியதும், 4.5 சரிந்து 2க்கு வந்தால் செல் தீர்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ துரு. எங்கே என்று பிடிக்க, ஒரு முனையை செல்லின் தலையிலும் மறு முனையை அதைத் தொடும் தகட்டில் ஒயர் பற்றவைத்த புள்ளியிலும் வைக்க வேண்டும். நல்ல தொடர்பு என்றால் 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். 0.8, 1 என்று காட்டினால் அந்த வோல்டேஜை அந்தத் துருவே தின்றுகொண்டிருக்கிறது.

மீட்டர் இல்லாதவர்கள், இரண்டு துண்டு ஒயரை எடுத்து ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லை மோட்டார் காலில் நேராகத் தொட்டுப் பார்க்கலாம். சுற்றினால் மோட்டார் மேல் குற்றமில்லை. ஸ்பீக்கருக்கும் இதே வைத்தியம்: செல்லை ஒரு கணம் தொட்டால் "கரக்" என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் போர்டில் பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும். சிப்பு அதற்குள் புதைந்திருக்கிறது. கோளாறு அதற்குள் என்றால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான். மோட்டார், ஸ்பீக்கர், ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

ஆப்ப சோடா:

துரு என்றதும் எல்லோரும் வினிகரைத் தூக்குகிறோம். அதற்கு முன்னால் கசிந்தது எந்த செல் என்று பார்க்கணும். ஆல்கலைன் செல் கசிந்தால் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருக்கும். அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைத்து அடங்கும். "ஹெவி டியூட்டி" என்று போட்டு மலிவாக விற்பது ஜிங்க் கார்பன். அதன் கசிவு ஈரப் பழுப்பாக, அமிலத் தன்மையோடு இருக்கும். அதற்குப் போய் வினிகர் ஊற்றி ஒரு பயனும் இல்லை. தண்ணீரில் குழைத்த ஆப்ப சோடாதான் சரி. எதில் துடைத்தாலும் கடைசியில் ஈரத்துணி, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால், பிறகு நன்றாக உலர விடணும். உலராமல் செல் போட்டால் பத்து நாளில் மறுபடி பூக்கும்.

தகட்டின் நிக்கல் பூச்சு போய் இரும்பு தெரிந்தால் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான், ஸ்பிரிங்கையே மாற்றிவிடுவது நல்லது. கை உறை இல்லாமல் தேய்க்க வேண்டாம், கசிவு தோலை அரிக்கும்.

பழைய செல்லோடு புது செல் கலக்காதீர்கள். மூன்றில் ஒன்று முதலில் தீர்ந்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளித் தலைகீழாக சார்ஜ் ஏற்றும். கசிவது அந்தச் செல்தான். ரிமோட் உள்ளே சுத்தமாக இருந்தும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துரு பிடித்திருப்பதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

ஈயக்கம்பி:

@ஆப்ப சோடா, ஸ்பிரிங் மாற்றச் சொன்னீர்கள், சரி. ஆனால் அதை இருந்த இடத்திலேயே வைத்துச் சூடு காட்டினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, தகடு சாய்ந்து, அப்புறம் செல்லே உட்காராது. தகட்டைப் பள்ளத்திலிருந்து மேலே இழுத்து எடுத்து, வெளியே வைத்துப் பற்றவைத்துவிட்டுத் திரும்பச் சொருகணும். 25 வாட் அயர்ன், 60/40 ஈயம் போதும். தகட்டைச் சுரண்டி ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தொட்டு முதலில் தகட்டில் மட்டும் ஈயம் பூசிக்கொள்ளுங்கள், ஒயர் பிறகு. ஒயரின் அடியில் ஒரு சொட்டு ஹாட் க்ளூ வைத்தால் அடுத்த முறை அங்கேயே அறாது.

குழந்தை இருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஈயம் உருக்குவது வேண்டவே வேண்டாம். சிந்திய துளியைக் கூட்டினால் தூள் பறக்கும், ஈரத்துணியால்தான் எடுக்கணும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கணும்.

பல்சக்கரத்தான்:

மோட்டார் "விர்ர்" என்று சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை, நடுநடுவே "டக் டக்" சத்தம். இப்படி வரும் கார்களில் மோட்டார் தண்டில் செருகிய குட்டிப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். பினியன் என்பார்கள். கண்ணுக்கு முழுசாகத்தான் தெரியும். தண்டைப் பிடித்துக்கொண்டு நகத்தால் சுற்றிப் பார்த்தால் வழுக்கும். 2 மி.மீ. தண்டில் இறுக்கமாக ஏற வேண்டும் என்பதற்காகத் துளையைச் சற்றுச் சிறிதாகவே போட்டிருப்பார்கள். அந்த இறுக்கமே நாளாக நாளாகப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடுகிறது.

ஃபெவிகுவிக் போட்டு ஒட்டுவது வீண் வேலை. விரிசல் விட்ட பக்கம் பல் இடைவெளி கூடிவிட்டதால் அடுத்த சக்கரத்தையும் அது மென்று தள்ளும். போதாக்குறைக்குப் பசை மோட்டார் புஷ்ஷுக்குள் (தண்டு சுழலும் வளையம்) இறங்கினால் மோட்டாரும் போச்சு. புதிதாக வாங்கும்போது பல்லை எண்ணி, வெர்னியரில் வெளி விட்டம் பாருங்கள். விட்டத்தைப் பல் எண்ணிக்கை கூட்டல் இரண்டால் வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைச் சொல்லும் எண், வரும். 8 பல், 5 மி.மீ. என்றால் 0.5, 10 பல் என்றால் 6 மி.மீ. இருக்கணும். சாதாரணப் பொம்மைகளில் இந்த 0.5தான் அதிகம். சென்னையில் ரிச்சி தெருவில் கலவைப் பாக்கெட்டாகவே கிடைக்கும். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், தண்டின் பின்முனையை ஒரு கட்டைமேல் ஊன்றிக்கொண்டு நேராக அழுத்தினால் போதும்.

கியருக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தூசியைப் பிடித்துப் பிசுக்காகும், மார்கழிக் குளிரில் உறைந்தே போகும். அரிசி அளவு சிலிக்கான் கிரீஸ் போதும்.

இன்னொன்று, சக்கரம் சுற்றத் திணறினால் முதலில் அச்சைப் பாருங்கள். வீட்டுத் தரையில் ஓடும் கார் எதுவானாலும் அச்சில் ஒரு ஜடை தலைமுடி சுற்றியிருக்கும். பிளேடால் நீளவாக்கில் கீறிவிட்டு ட்வீசரால் இழுத்தால் வந்துவிடும்.

நாற்பது மெகா:

ரிமோட் கார் பற்றி. மோட்டாரின் இரண்டு காலுக்கும் நடுவில் 104 என்று எழுதிய சின்ன கெபாசிட்டர் இருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். மோட்டார் மாற்றும்போது "இது எதுக்கு" என்று வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். பிரஷ்ஷில் எழும் தீப்பொறியின் இரைச்சலை அமுக்குவது அதுதான். எடுத்துவிட்டால் கார் நிற்கும்போது ரிமோட் வேலை செய்யும், ஓடத் தொடங்கினதும் கேட்காது. ஆன்டெனா ஒயரையும் வெட்டிச் சிறிதாக்காதீர்கள், ரேஞ்ச் குறையும். அக்கா தம்பிக்கு ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் அதில் 27 மெகாஹெர்ட்ஸ் ஒன்று, 40 ஒன்று என்று பார்த்து வாங்கணும். இரண்டும் 27 என்றால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டு காரும் ஓடும், சண்டை உறுதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் இந்தத் தொல்லை இல்லை.

ரிமோட்டைத் தொடாமலே கார் ஒரு பக்கமாக ஓடுகிறதா? ஓடும் காரைக் குழந்தை கையால் அமுக்கிப் பிடிக்கும்போது கரண்ட் பல மடங்கு ஏறி டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும். மலிவு போர்டுகளில் எஸ்8050, எஸ்8550 ஜோடி அதிகம். ஷார்ட் ஆனதை மட்டும் மாற்றாமல் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: இப்போது வரும் கார்களில் 14500 என்று ஒரு லித்தியம் செல் போடுகிறார்கள். உருவம் அச்சு அசல் டபுள் ஏ, ஆனால் 3.7 வோல்ட். மூன்று செல் ரிமோட்டில் மூன்றையும் அதுவாகப் போட்டால் 4.5க்குப் பதில் 11.1 போகும். அதன்மேல் சிவப்பு டேப் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

இரண்டு வாண்டு:

பட்டன் செல் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே? எங்கள் தெருவில் திருவிழாக் கடைகளில் விற்கிற லைட் மோதிரம், பாட்டுப் பொம்மை எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

ஆப்ப சோடா:

இதை முதலிலேயே எழுதியிருக்கணும். பொம்மைகளில் அதிகம் வருவது இரண்டு: எல்ஆர்44, 11.6 மி.மீ., 1.5 வோல்ட், சிஆர்2032, 20 மி.மீ., 3 வோல்ட். ஆபத்தில் பெரியது 2032. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அது சரியாக மாட்டிக்கொள்ளும். மாட்டியதும் எச்சில் ஈரத்தில் கரண்ட் ஓடி, மைனஸ் பக்கம் காரம் உண்டாகித் திசுவை வெந்து போகச் செய்யும். செல் கசிய வேண்டும் என்றுகூட இல்லை. 2 மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடும். பொம்மைக்குத் தீர்ந்துபோன செல்லும் இதற்குத் தீராது, மிச்ச வோல்டேஜே போதும்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடணும், அல்லது 108. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சோறு, வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளவும் பார்க்கக் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்கச் சிரமமில்லாத குழந்தைக்குப் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம். தேன் அந்தப் புண்ணைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தேன் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மூக்கில், காதில் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

வாங்கும்போது செல் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். நகத்தால் திறக்கிற மூடி என்றால் வாங்காதீர்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின் பொம்மை என்றால் ஐஎஸ் 15644 என்ற எண்ணைத் தேடலாம். திருவிழாக் கடையில் அது கிடைக்காது என்பது வேறு கதை. கழற்றிய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி உயரத்தில் வையுங்கள்.

பல்சக்கரத்தான்:

உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது லெட் ஆசிட், 6 வோல்ட் 4.5 ஆம்பியர் மணியோ 12 வோல்ட் 7 ஆம்பியர் மணியோ. லீவு முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த மே மாதம் எடுத்தால் கிடப்பது செத்த பேட்டரிதான். இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒரு முழு சார்ஜ். ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு. 10.5க்குக் கீழே பல வாரம் கிடந்தது தேறாது. மாற்றுவதற்கு யுபிஎஸ்ஸில் போடும் அதே 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி உட்காரும்; 151 × 65 × 94 மி.மீ. அளவும் லக்கின் (ஒயர் செருகும் தகட்டுக் கால்) அகலமும் பார்த்து வாங்குங்கள். வேகம் வேண்டும் என்று 6 வோல்ட் காருக்கு 12 போடாதீர்கள், முதலில் கியர்பாக்ஸ் பல் கொட்டும், பிறகு ஒயர் சூடாகும்.

இரண்டு வாண்டு:

நன்றி சார். ஒரே பாட்டை அலறும் பொம்மைக்கு வழி உண்டா? வால்யூம் சுவிட்ச் இல்லை.

ஈயக்கம்பி:

ஸ்பீக்கர் துளைகள்மேல் உள்பக்கமாக இரண்டு மடிப்பு செல்லோடேப். போதாவிட்டால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒரு ஒயரை வெட்டி நடுவில் 47 ஓம் கால் வாட் ரெசிஸ்டர், மேலே ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை). இன்னும் குறையணும் என்றால் 100.

மூடும்போது பலர் செய்யும் தப்பு: ஸ்க்ரூவை வைத்ததும் இறுக்குவது. பிளாஸ்டிக்கில் அது ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டும், மூன்றாவது தடவை பிடிக்காது. பிடிக்காத ஸ்க்ரூ கழன்று விழுந்தால் அதுவும் வாய்க்குத்தான் போகும். முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்குள் "டிக்" என்று சின்னதாக இறங்கும். பழைய மரைக்குள் விழுந்த சத்தம் அது. அங்கிருந்து வலப்பக்கம், இரண்டு விரலில் வரும் பலம் போதும்.