மறுமொழி: 'வரவேற்பு' போதுமா? ஓர் ஆல்பத்தை முன்வைத்து ஒரு சொல் தேடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட ஒருவரிக் கேள்விக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதினால் இழை சிக்கிவிடும் என்பதால் ஒரே மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்கிறேன். தி ஜாம்பீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டுகள், ஒலிப்பதிவு, குழுவின் கதை எல்லாம் தடையில்லாமல் தமிழில் வந்துவிட்டன. விமர்சகர்களும் ரசிகர்களும் அந்த ஆல்பத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லும் பகுதிக்கு வந்ததும், தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் 'ரிசெப்ஷன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நாம் வழக்கமாக 'வரவேற்பு' என்று போடுவோம். நானும் அப்படித்தான் தட்டினேன். பார்த்தேன், மனம் ஒப்பவில்லை, அழித்துவிட்டேன்.

> வரவேற்பு என்பதே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரிகிறது என்பதுதான் இங்கே சிக்கல். வரவு, ஏற்பு இரண்டும் சேர்ந்த சொல் அது. வந்தவரை முகமலர்ந்து ஏற்பது. மகிழ்ச்சி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் 'நல்ல வரவேற்பு', 'பெரும் வரவேற்பு' என்பதெல்லாம் இயல்பாக வருகின்றன. விமர்சகர்கள் கிழித்துப் போட்ட ஒரு படைப்புக்கு என்ன எழுதுவது? 'எதிர்மறை வரவேற்பு' என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது காலில் கல் இடறுகிறது. அப்புறம், யாருமே கண்டுகொள்ளாத படைப்புக்கு? 'வரவேற்பு இல்லை' என்று எழுதி அந்தப் பகுதியையே மூடிவிட வேண்டியதுதான். கண்டுகொள்ளாமல் விட்டதும் ஒரு படைப்பின் வரலாற்றில் சேர்ந்ததுதானே? அதைச் சொல்ல நமக்கு ஒரு தலைப்பு வேண்டும்.

நான் ஏன் இந்த ஆல்பத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். எடுத்துக்காட்டு எடுப்பாக இருந்தால்தான் சொல் சரியாக அமையும் என்பது என் நம்பிக்கை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர். 1964இல் 'ஷீஸ் நாட் தேர்' பாட்டால் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனவர்கள். அதற்குப் பிறகு சரிவு. 1967இல், கையில் ஆயிரம் பவுண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு, லண்டன் அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். பீட்டில்ஸ் குழு 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் வேலையை முடித்துக் கிளம்பிய கொஞ்ச நாளில். அங்கே கிடந்த மெல்லோட்ரானைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தெரியாதவர்களுக்கு: அது கட்டைகள் உள்ள ஒரு கருவி, ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு நாடா, அழுத்தினால் அதில் பதிந்து வைத்த குழலோ வயலினோ சில நொடிகள் ஒலிக்கும். இந்த ஆல்பத்தில் கேட்கும் அந்த மங்கலான, பனிக்குள்ளிருந்து வருகிற மாதிரியான தந்தியிசை பெரும்பாலும் அதுதான்.

ஆல்பத்தை வெளியிடவிருந்த சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனம் ஸ்டீரியோ வடிவமும் வேண்டும் என்றபோது பணம் தீர்ந்துவிட்டிருந்தது. பாட்டுகளை எழுதிய ராட் ஆர்ஜெண்ட்டும் கிறிஸ் வைட்டும் தங்கள் கைப்பணத்தைப் போட்டு அதை முடித்துக் கொடுத்தார்கள். முன்னோட்டமாக வந்த தனிப்பாட்டுகள் விற்கவில்லை. 1967 டிசம்பரில் குழு கலைந்தது. ஆல்பம் வெளிவந்தது 1968 ஏப்ரலில். அதாவது, வரவேற்க ஆள் வந்தாலும் வாசலில் நிற்கக் குழு இல்லை.

அமெரிக்காவில் அது வெளிவந்ததே ஒருவரால்தான். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்த அல் கூப்பர் லண்டனிலிருந்து தட்டைக் கொண்டுபோய், இதை நாம் வெளியிட்டே ஆக வேண்டும் என்று நின்றார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'டைம் ஆஃப் த சீசன்' 1969 தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு இதழின் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. ஆனால் ஆல்பம் 95ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டனில் அந்தப் பாட்டு அப்போது பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. பாட்டு அமெரிக்க வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பாடிய காலின் பிளன்ஸ்டோன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்ஜெண்ட் வேறு குழு கட்டிவிட்டார். இந்த இடைவெளியில் அமெரிக்காவில் போலி ஜாம்பீஸ் குழுக்கள் கிளம்பி ஊர் ஊராகக் கச்சேரி செய்தன. பின்னாளில் ஸீஸீ டாப் குழுவில் புகழ்பெற்ற டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட் இருவரும் அப்படி ஒரு குழுவில் வாசித்தவர்கள்தான். ரசிகர்கள் இருக்கிறார்கள், கைத்தட்டல் இருக்கிறது, உரியவர்கள் மட்டும் இல்லை. இதற்கு 'வரவேற்பு' என்று பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பழைய தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் கையிலிருந்து கைக்கு இந்த ஆல்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பால் வெல்லர் போன்ற பாடகர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஆல்பங்களில் ஒன்று என்று சொன்னார்கள். 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இது 80ஆம் இடம். 2008இல், நாற்பது ஆண்டு கழித்து, உயிரோடு இருந்த நால்வரும் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் முழு ஆல்பத்தையும் முதல்முறையாக மேடையில் வாசித்தார்கள். கித்தார் வாசித்த பால் அட்கின்சன் அதைப் பார்க்க இல்லை, 2004இலேயே இறந்துவிட்டார். அதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 2019இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குழு சேர்க்கப்பட்டது. 2020இல் அதே ரோலிங் ஸ்டோன் பட்டியலைத் திருத்தியபோது ஆல்பம் 243ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆக, இன்னும் முடியவில்லை. ஏறுவதும் இறங்குவதும் நடந்துகொண்டே இருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் தந்த சொற்களுக்கு வருகிறேன்.

> எதிர்கொள்ளல் – பழந்தமிழ்ச் சொல், அழகானது.

அக்கா, அழகானதுதான். விருந்தினரை வழியிலேயே போய் அழைத்து வருவது என்ற பொருளில் எனக்கும் ஆசையான சொல். ஆனால் இன்றைக்கு நாம் எதையெல்லாம் எதிர்கொள்கிறோம்? பிரச்சினையை, நெருக்கடியை, வழக்கை. 'விமர்சகர்கள் ஆல்பத்தை எதிர்கொண்டார்கள்' என்றால் சண்டைக்குப் போன மாதிரி கேட்கிறது. 'வரவேற்பு' ஒரு பக்கம் சாய்கிறது என்றால் இது மறுபக்கம் சாய்கிறது.

> மறுவரவேற்பு அல்லது மறுமதிப்பீடு

'மறுமதிப்பீடு' நல்ல சொல், விமர்சகர் உட்கார்ந்து நிதானமாகச் செய்யும் வேலைக்குப் பொருந்தும். அதை வைத்துக்கொள்வோம். ஆனால் பழைய தட்டுக்கடையில் ஐம்பது காசுப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவர் இந்த ஆல்பத்தைக் கேட்டு உருகினாரே, அவர் எதையும் மதிப்பிடவில்லை. 'மறுவரவேற்பு' எனக்கு ஒத்துவரவில்லை. முதல் வரவேற்பே நடக்காத இடத்தில் மறு எங்கிருந்து வரும்?

இனி என் பரிந்துரை. 'வரவேற்பு' என்ற சொல்லிலிருந்து வரவை எடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்ளலாம்: ஏற்பு.

'ஏற்பு என்றால் ஒப்புக்கொள்வது அல்லவா, அதுவும் சாய்வுதானே' என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இன்றைய பேச்சில் அந்தச் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொல்லின் அடி அதைவிட அகலமானது. ஆத்திசூடியில் ஔவையார் 'ஏற்பது இகழ்ச்சி' என்கிறார். அங்கே ஏற்பது என்றால் ஒப்புதல் தருவது அல்ல, பிறர் தருவதைக் கை நீட்டி வாங்குவது. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்கிறோம். அங்கேயும் பாராட்டு இல்லை, வந்ததை வாங்கித் தோளில் வைத்துக்கொள்வதுதான். உயிரியலில், உயிரணுவில் சேதியை வாங்கும் பகுதியான 'ரிசெப்டர்' என்பதற்கு 'ஏற்பி' என்று எழுதுகிறோம். நாக்கில் இனிப்பை வாங்குவதும் ஏற்பிதான், கசப்பை வாங்குவதும் ஏற்பிதான். அங்கே நடுநிலையாக நிற்கும் சொல் இங்கேயும் நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னத் திருத்தம். 'அரங்கேற்றம் இருக்கிறதே, அதே வேர்தானே' என்று ஒரு நண்பர் ஆதரவாக எழுதியிருந்தார். ஆதரவுக்கு நன்றி, ஆனால் வேர் வேறு. அரங்கேற்றத்தில் உள்ளது ஏறு, ஏற்று என்ற வினை, மேலே ஏற்றுவது. ஏற்பு வருவது ஏல் என்ற வினையிலிருந்து. இரண்டையும் கலந்து சான்று காட்டினால் நாளைக்கு யாராவது நம் சொல்லையே தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1967இல், இந்த ஆல்பம் பதிவான அதே ஆண்டில், ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கிய ஆய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யவுஸ் தம் தொடக்க உரையை ஆற்றினார். ஒரு படைப்பின் வரலாறு எழுதியவரோடு முடிவதில்லை, படிக்கிறவர்கள் என்ன எதிர்பார்ப்போடு அதை அணுகினார்கள், அந்த எதிர்பார்ப்பு காலத்தோடு எப்படி மாறியது என்பதும் சேர்ந்ததுதான் என்று வாதிட்டார். ஆங்கிலத்தில் 'ரிசெப்ஷன் தியரி' எனப்படும் அந்தக் கோட்பாட்டைத் தமிழில் 'வரவேற்புக் கோட்பாடு' என்றால் திருமண மண்டபம்தான் நினைவுக்கு வரும். 'ஏற்புக் கோட்பாடு' என்றால் பொருள் நேராக வந்து சேர்கிறது. இலக்கியத்துக்கும் இசைக்கும் ஒரே சொல் கிடைத்தால் நல்லதுதானே?

இந்த ஆல்பத்திலேயே அதற்கு ஒரு சான்று இருக்கிறது. அட்டையில் 'ஒடிஸி' (Odyssey) என்ற சொல்லின் எழுத்து தவறு, Odessey என்று இருக்கிறது. ஓவியம் வரைந்த டெர்ரி குவர்க் செய்த பிழை அது. கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஓட்' என்றால் ஒருவகைப் பாட்டு, அதனால் வேண்டுமென்றே அப்படி எழுதினோம் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அது பிழைதான் என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் அந்த விளக்கம் வேர்விட்டிருந்தது. இன்றைக்கு அந்த எழுத்தைத் திருத்தி ஆல்பத்தை வெளியிட்டால் முதலில் சண்டைக்கு வருவது ரசிகர்களாகத்தான் இருக்கும். பிழையையும் பெயராக்கிக்கொள்வது ஏற்பின் வேலை.

ஆக என் முன்மொழிவு: பொதுச்சொல் 'ஏற்பு'. விமர்சகர்களுடையது 'விமர்சன ஏற்பு', ரசிகர்களுடையது 'ரசிகர் ஏற்பு'. 'சுவைஞர் ஏற்பு' என்று மாற்றச் சொன்னவரின் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் ரசிகர் என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்கு ஆள் கண்ணில் தெரிகிறார். வெளிவந்த காலத்தில் நடந்தது 'முதலேற்பு'. முதலில் 'உடனேற்பு' என்று யோசித்தேன், அது 'கூடச் சேர்ந்து ஏற்பது' என்றும் படிக்கப்படும் என்பதால் விட்டுவிட்டேன். காலம் கழிந்து நடந்தது 'பின்னேற்பு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

ஒடெஸி அண்ட் ஆரக்கிளின் முதலேற்பு மிக மெலிந்தது.
அமெரிக்காவில் ரசிகர் ஏற்பு ஒரு பாட்டோடு நின்றது, ஆல்பத்தை எட்டவில்லை.
விமர்சனப் பின்னேற்பு வலுத்தபோது ரசிகர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள்.

மூன்றாவது வாக்கியத்தை 'வரவேற்பு' வைத்து எழுத முயன்றேன், முடியவில்லை.

> சைகடெலிக் பாப் = மனமயக்கப் பாப்

இந்த ஆல்பத்தின் இசைவகையை ஆங்கிலத்தில் 'சைகடெலிக் பாப்' என்பார்கள். அதற்கு 'மனமயக்கப் பாப்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'சைகடெலிக்' பிறந்ததே நம்மைப் போல இருவர் கடிதத்தில் பேசிக்கொண்டபோதுதான். 1956இல் மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் எல்எஸ்டி போன்ற மருந்துகளுக்குப் பெயர் தேடி ஆளுக்கொரு சொல்லை ஈரடிப் பாட்டில் வைத்து அனுப்பினார்கள். ஹக்ஸ்லியின் 'ஃபனரோதைம்' தோற்றது, ஆஸ்மண்டின் சொல் நின்றது. கிரேக்க வேரில் அதன் பொருள் உளத்தை வெளிப்படுத்துவது. மயக்கம் அதில் இல்லை. இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு சிறையிலிருந்து விடுதலையாகப் போகிறவருக்கு எழுதும் கடிதம், இன்னொன்று முதல் உலகப்போரின் களத்தில் கை நடுங்கும் ஒரு கசாப்புக்காரரின் புலம்பல். இதையெல்லாம் மனமயக்கம் என்று அட்டை ஒட்டினால் கேட்காதவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். 'உளவெளிப்பாட்டுப் பாப்' மருத்துவமனை வாடை அடிக்கிறது. ஜாஸ், ராக் போல இதையும் 'சைகடெலிக் பாப்' என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மருந்தைக் குறிக்கும் பொருளுக்கு என்ன சொல் என்பதை மருத்துவம் தெரிந்தவர்கள் தனி இழையில் பேசினால் நானும் வந்து படிக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆல்பத்தை ஆங்கிலத்தில் 'கல்ட்' ஆல்பம் என்பார்கள். அந்தக் 'கல்ட்' என்பதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. 'வழிபாட்டு ஆல்பம்' என்றால் பக்திப்பாடல் தொகுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். சின்னக் கூட்டம், விடாப்பிடியான அன்பு, ஊருக்குத் தெரியாத பொருள் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஒரு சொல் வட்டார வழக்கில் எங்காவது இருக்கும். நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், எந்தப் பக்கத்து நண்பர்களானாலும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டுரையை இந்த மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். அதற்குள் கிடைத்தால் அந்தச் சொல்லோடு அனுப்புவேன்.

அன்புடன்.