லாக்டவுன்ல பறவை சத்தம் நிஜமாவே கூடிருச்சா, இல்ல எனக்குத்தான் அப்படி கேக்குதா?

ஜன்னலோரம் (ஏப்ரல் 2020):
வீட்டுக்குள்ளயே அடைஞ்சு மூணு வாரம் ஆச்சு. நாலாவது மாடி, எதிர்ல மெயின் ரோடு. இத்தனை வருஷமா இதே ஜன்னல் பக்கத்துலதான் படுக்குறேன், ஒருநாள்கூட குருவி சத்தத்துக்கு முழிச்சதில்ல, இப்ப தினமும் விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுடுது. நேத்து ஒரு சிட்டுக்குருவி, தொண்டையில கருப்பு கர்ச்சீப் கட்டுன மாதிரி இருக்கும், தன்னைவிட நீளமான காஞ்ச புல்லு ஒண்ணைத் தூக்கிட்டு வந்து ஏசி பைப் போற சுவத்து ஓட்டைக்குள்ள நுழைக்கப் பாத்துச்சு. குறுக்கால மாட்டிக்குது, விழுது, கீழ போய் எடுத்துட்டு வருது, திரும்ப மாட்டுது. கடைசில ஒரு நுனியை மட்டும் கவ்விட்டு உள்ள போய் சர்ர்னு இழுத்துடுச்சு! ஆபீஸ் மீட்டிங்கை மியூட்ல போட்டுட்டு முழுசா பாத்தேன்.

பறவைங்க நிஜமாவே அதிகமாகிடுச்சா? அந்த ஓட்டையை நான் என்ன பண்ணனும்? பைனாகுலர் எதுவும் கிடையாது.

குருவிக்கூடு:
கருப்புத் தொண்டைன்னா ஆண் குருவி. பொண்ணுக்கு அது இருக்காது, மங்கின பழுப்பு, கண்ணுக்குப் பின்னாடி வெளிறுன கோடு. ஓட்டையை ஒண்ணும் பண்ணாதீங்க ப்ளீஸ், ஒரு மாசம் அப்படியே விட்டாப் போதும். முட்டை பொரிக்க 11ல இருந்து 14 நாள், அப்புறம் ரெண்டு வாரத்துல குஞ்சு பறந்துடும். இன்னொண்ணு, பெரிய குருவி தானியம் தின்னாலும் குஞ்சுக்கு ஊட்டுறது பெரும்பாலும் புழு பூச்சிதான், அதனால பால்கனி செடிக்கு பூச்சி மருந்து அடிக்காதீங்க. காஞ்ச மண்ணோட ஒரு தொட்டி வைங்க, குழி பறிச்சு உக்காந்து புழுதியில குளிக்கும், அதைப் பாக்க கண்ணு ரெண்டு போதாது.

மாடிவாசி:
பைனாகுலர் வேணாம் ப்ரோ. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரு நோட்டு. கலரைத் தேடாம முதல்ல சைஸைப் பாருங்க, குருவி அளவா புறா அளவா காக்கா அளவா, அப்புறம் வால், பறக்குற விதம். எங்க மாடில புறாக் கூட்டம் திடீர்னு மொத்தமா எழும்புனா நான் உடனே மேலதான் பாப்பேன், ரெண்டு தடவை பைரி சிக்குச்சு, வேட்டைக்குப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போற பறவை அது, நகரத்துல உயரமான கட்டடமெல்லாம் அதுக்கு மலைப்பாறை மாதிரிதான். மே 9 குளோபல் பிக் டே, அதாவது உலகம் பூரா ஒரே நாள்ல பறவைங்களைக் கணக்கெடுக்குற நாள், ஜன்னல்ல இருந்து பாத்ததையும் இபேர்ட்ங்கிற பறவைப் பதிவு வெப்சைட்ல ஏத்தலாம்.

அதிகமாகிடுச்சாங்கிறதுக்கு, வாட்ஸ்அப்ல வர்றதை நம்பிடாதீங்க. வெனிஸ் கால்வாய்ல டால்பின்னு சுத்துன வீடியோ அங்க எடுத்ததே இல்ல, சார்டினியா தீவுத் துறைமுகத்துல எடுத்தது. வேல்ஸ்ல லாண்டுட்னோ ஊருக்குள்ள காட்டாடு வந்தது மட்டும் உண்மை. உங்க குருவி எப்பவும் அங்கதான் இருந்திருக்கும், ரோடுதான் அடங்கியிருக்கு.

குருவிக்கூடு (அக்டோபர் 2020):
பழைய த்ரெட்டைத் தோண்டுறேன் மன்னிக்கணும், ஆனா இந்தக் கேள்விக்கு இப்ப பதில் வந்திருக்கு. சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல, தலையில வெள்ளைப் பட்டை போட்ட ஒரு வகை சிட்டோட பாட்டை லாக்டவுன்ல பதிவு பண்ணி முந்தின வருஷங்களோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, சயின்ஸ் பத்திரிகைல வந்திருக்கு. டிராஃபிக் இரைச்சல் 1950கள்ல இருந்த அளவுக்கு இறங்கிடுச்சாம். பறவை சத்தமாப் பாடல, இன்னும் மெதுவாத்தான் பாடியிருக்கு! அப்பவும் முன்னவிட ரெண்டு மடங்கு தூரத்துக்குக் கேட்டிருக்கு. அப்போ இவ்வளவு நாளா நம்ம வண்டிச் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு அதுங்க கத்திட்டு இருந்திருக்கு. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு.

ஜன்னலோரம்:
மூணு குஞ்சு பறந்துச்சுங்க. கடைசிக் குஞ்சு ஓட்டை வாசல்லயே அரை நாள் உக்காந்துட்டு, அம்மா புழுவைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்ட அப்புறம்தான் குதிச்சுது. இப்ப ரோட்ல பஸ் ஓட ஆரம்பிச்சுடுச்சு, படுத்துட்டு இருந்தா எதுவும் கேக்கல. விடியும்போது ஜன்னலைத் திறந்து ஓட்டைப் பக்கம் காதை வச்சேன், உள்ள கீச்சுன்னு ஒரு சத்தம். ஓட்டையை அடைக்கல.