பைபாஸ் செய்த வயிற்றுக்கு 75 கிராம் குளுக்கோஸா?

மும்பை செம்பூரில் இருக்கிறேன். 26 வாரம், முதல் குழந்தை. எடை குறைக்க, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. டாக்டர் சொன்னபடி ஒன்றரை வருடம் பொறுத்துத்தான் உண்டானேன். இரும்பு, கால்சியம், பி12 ஊசி எதையும் விட்டதில்லை.

போன வாரம் கர்ப்பகாலச் சர்க்கரை பார்க்க 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். பாதி டம்ளர்தான் குடித்தேன். இருபது நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, லேப் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன். மதியம் வரை கை நடுக்கம், ஸ்பூன்கூடப் பிடிக்க முடியவில்லை. இனிப்பு சட்டென்று சிறுகுடலில் இறங்குவதால் வரும் டம்பிங் இது. எனக்கு இரண்டு வாய் பாயசமே ஒத்துக்கொள்ளாது.

இரண்டாம் தடவை மெதுவாகக் குடித்துப் பார்த்தேன், வாந்திதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 84, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 5.2 என்று காட்டினேன். அது மட்டும் போதாது, திங்கட்கிழமை மறுபடி வாருங்கள் என்கிறார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்றாம் முறை மயங்கி விழ எனக்குத் தைரியமில்லை.

பைபாஸுக்குப் பிறகு பிள்ளை பெற்றவர்களே, குளுக்கோஸ் குடிக்காமல் ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்க, உங்கள் டாக்டரிடம் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்?